தோட்டத்துச் சிலந்திக்கும் காளானுக்கும் பெயர் கண்டுபிடிக்க எப்படிப் படம் எடுக்க வேண்டும்?

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்து ஊரான வெருலத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இதுதான். மழை விட்டதும் வீட்டுப் பின்புறத்தில் மூன்று புதுமைகள் கண்ணில் பட்டிருக்கின்றன: கறிவேப்பிலை மரத்துக்கும் துணிக்கொடிக்கும் நடுவே மஞ்சள் வலையில் ஒரு பெரிய சிலந்தியும் அதே வலையில் ஒட்டிக்கொண்டு சில பொடிச் சிலந்திகளும், புல்தரையில் வட்டம் போட்டு முளைத்த வெள்ளைக் குடைக்காளான்கள், பூச்செடிப் பாத்தியில் போட்ட மரச்சீவலிலிருந்து கிளம்பிய, நாற்றமடிக்கும் சிவப்பு நட்சத்திரம். போனில் படம் எடுத்துச் செயலியில் போட்டால் ஒரே சிலந்திக்கு நெஃபிலா, ட்ரைக்கோநெஃபிலா, ஆர்ஜியோப்பி என்று மூன்று பெயர் காட்டுகிறது. எதை நம்புவது, வெள்ளைக் காளானைச் சமைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சமைப்பது பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சமைக்க வேண்டாம். ஏன் என்பது பின்னால் வரும்.

செயலி குழம்புவதற்குப் பெரும்பாலும் செயலி காரணமில்லை, படம்தான் காரணம். சிலந்திகளை நுண்ணோக்கியில் வைத்துப் பெயர் சொல்லும் வேலையில் இருப்பதால் உறுதியாகச் சொல்ல முடியும்: அழகான படம் வேறு, அடையாளம் சொல்ல உதவும் படம் வேறு. ஒரு இனத்தை அதன் பக்கத்து இனத்திலிருந்து பிரிக்கும் உறுப்பு எதுவோ, அது படத்தில் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் குடும்பம் வரைக்கும், அல்லது பேரினம் வரைக்கும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை. உங்கள் மூன்றையும் இந்தக் கணக்கில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் மஞ்சள் வலை. வலை உண்மையிலேயே பொன்மஞ்சளாக, ஒரு கை அகலத்துக்கு மேல் விரிந்து, கையால் தொட்டால் அறுந்துபோகாமல் இழுத்தால், அது பொன்வலைச் சிலந்தி. இதில் சந்தேகமே வேண்டாம். செயலி காட்டிய முதல் இரண்டு பெயர்களும் ஒரே சிலந்திக்குத்தான். ஆப்பிரிக்கப் பொன்வலைச் சிலந்திகள் நெடுங்காலம் நெஃபிலா என்ற பேரினத்தில் இருந்தன. 2019இல் ட்ரைக்கோநெஃபிலாவுக்கு மாற்றினார்கள். பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் இன்னும் நெஃபிலா என்றே எழுதுகிறார்கள். ஆர்ஜியோப்பி தனி: அதன் வலை வெள்ளை, நடுவில் பெரும்பாலும் கோணல்மாணலான தடித்த வெள்ளைப் பட்டை இருக்கும், கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி போல வைத்துக்கொண்டு உட்காரும். வலையின் நிறம் படத்தில் விழுந்திருந்தாலே இந்தக் குழப்பம் வந்திருக்காது. பொன்னிறத்தைப் பிடிக்க வேண்டுமானால் காலை அல்லது மாலை வெயில் வலைக்குப் பின்னால் சாய்வாக இருக்கும்படி நில்லுங்கள். வலைக்குப் பின்னணியாக நிழலான இடம், இருண்ட புதர் ஏதாவது வரட்டும். வானத்தைப் பின்னணியாக வைத்தால் நிறம் காணாமல் போய்விடும்.

அந்தப் பொடிச் சிலந்திகள் குட்டிகள் என்று நினைக்க வேண்டாம். இரண்டில் ஒன்றாக இருக்கும். பழுப்பு நிறத்தில், ஐந்து மில்லிமீட்டர் அளவில், முகத்துக்கு முன்னால் இருக்கும் இரண்டு சிறு உணர்கால்களின் நுனி தடித்து உருண்டிருந்தால் அவை ஆண்கள். பெண் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உடம்போடு வலையின் நடுவில் தொங்க, ஆண்கள் மேல் ஓரத்தில் காத்திருக்கும். அதைவிடச் சிறியதாக, வயிறு கூம்பு வடிவத்தில் வெள்ளியாகப் பளபளத்தால் அவை ஆர்ஜைரோடஸ் வகைத் திருட்டுச் சிலந்திகள். சொந்தமாக வேட்டை வலை கட்டாமல், பெரிய சிலந்தியின் வலையில் குடியிருந்து, அது கண்டுகொள்ளாத சின்னப் பூச்சிகளைத் தின்று பிழைப்பவை. ஆகவே வலையின் ஓரத்தையும் தனியாக ஒரு படம் எடுங்கள்.

பொன்வலைச் சிலந்தி என்பது வரை உறுதி. எந்த இனம் என்பது கால்களைப் பொறுத்தது. நம் பக்கத்தில் கால் சிவந்தது ஒன்று, காலில் பட்டை பட்டையாக வளையம் போட்டது ஒன்று, காலில் கொத்தாக மயிர் முளைத்தது ஒன்று என்று பல இனங்கள் உண்டு. குவாஸுலு நட்டாலின் வடகோடியில் டெம்பே யானைப் பூங்காப் பக்கம் ட்ரைக்கோநெஃபிலா கோமாசி என்ற மிகப் பெரிய இனமும் இருக்கிறது. அதற்கு அறிவியல் பெயர் வைத்ததே 2009இல்தான். உங்கள் படத்தில் சிலந்தியின் முதுகு மட்டும் பெரிதாக இருக்கிறது, கால்கள் சட்டத்துக்கு வெளியே போய்விட்டன. எட்டுக் காலும் முழுதாக விழும்படி ஒரு படம், முதுகை நெருங்கி ஒன்று, வலைக்கு அந்தப் பக்கம் போய் வயிற்றின் அடியை ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று நான்கு போதும். வலைச் சிலந்திகளில் இது சுலபம்: வலையின் ஒரு புறம் முதுகு தெரியும், மறுபுறம் அடிவயிறு தெரியும். சுற்றிப் போனாலே போதும், சிலந்தியைத் தொடத் தேவையில்லை.

போனில் எடுக்கும்போது நடக்கும் பெரிய தவறு அளவுக்கு மீறி நெருங்குவது. பல போன்கள் கிட்டத்தில் போனதும் தானாகவே அகலக் கோண லென்ஸுக்கு மாறி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை வரச் சொல்லும். அவ்வளவு கிட்டே போனால் போனின் நிழலே சிலந்தி மேல் விழும், மூச்சுக்காற்று பட்டு வலை ஆடும், சிலந்தியும் ஓடிவிடும். அந்தத் தானியங்கி மேக்ரோவை அணைத்துவிட்டு, முதன்மை லென்ஸில் இரண்டு மடங்கு ஸூம் வைத்து, ஒரு சாண் தள்ளி நின்று எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். திரையில் சிலந்தியின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். பின்பு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். பின்னணி இருட்டாக இருக்கும்போது போன் மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கப் பார்க்கும். அதில் முதுகின் வெள்ளிப் புள்ளிகளும் மஞ்சள் கோடுகளும் வெளுத்துப் போய்விடும். உங்கள் படத்தில் நடந்திருப்பது இதுதான். காற்று அடித்தால் தொடர்ச்சியாகப் பத்து இருபது படம் தட்டி, ஆடாத ஒன்றைப் பொறுக்குங்கள்.

தனிக் கேமராவும் தொண்ணூறு அல்லது நூறு மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸும் இருந்தால், துளை எஃப் 11, வேகம் நொடியில் இருநூறில் ஒரு பங்கு, மெல்லிய வெள்ளை பிளாஸ்டிக் போர்த்திய ஃபிளாஷ் என்று தொடங்குங்கள். பால் போத்தலில் வெட்டிய துண்டே போதும். முழு உருப்பெருக்கத்தில் எஃப் 11இல்கூடத் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். அதனால் எந்த உறுப்பு வேண்டுமோ அதற்கு இணையாக லென்ஸைப் பிடிக்க வேண்டும். துளையை எஃப் 22க்குச் சுருக்கினால் ஆழம் கூடும், ஆனால் மயிரும் கண்ணும் மழுங்கிவிடும்.

வலை கட்டாமல் தரையிலும் சுவரிலும் திரிபவற்றுக்கு முகம் முக்கியம். கண்களின் எண்ணிக்கையும் வரிசையும் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும். முன்னால் பெரிய இரண்டு கண் இருந்தால் குதிக்கும் சிலந்தி. கீழே சிறிய நான்கு, நடுவில் பெரிய இரண்டு, மேலே இரண்டு என்றால் ஓநாய்ச் சிலந்தி. முட்டைப்பையைப் பின்புறத்தில் ஒட்டி இழுத்துக்கொண்டு போவதும் அதுதான். வீட்டில் பழுப்பாக எதைப் பார்த்தாலும் செயலி வயலின் சிலந்தி என்று பயமுறுத்தும். வயலின் சிலந்திக்கு இரண்டிரண்டாக மூன்று ஜோடி, ஆறே கண். எட்டு எண்ணினால் அது வயலின் சிலந்தி இல்லை. மழைக்கு முன்னால் வீட்டுக்குள் வந்து சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு உட்காரும் மழைச் சிலந்தியை பபூன் சிலந்தி (ஆப்பிரிக்க டாரன்டுலா) என்று அடித்துக் கொல்கிறார்கள். அதன் கண்களுக்குக் கீழே வெளிர் நிறத்தில் மீசை மாதிரி ஒரு கோடு ஓடும், கால்களைத் தூக்கி மிரட்டினால் அடிப்பக்கத்தில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டைகள் தெரியும். இலைகளைப் பட்டால் தைத்துப் பெரிய பை செய்து முட்டைக்குக் காவல் இருக்கும். அப்போது மட்டும் கிட்டே போகாதீர்கள். உண்மையான பபூன் சிலந்தியைப் பார்த்தால் படத்தோடு விட்டுவிடுங்கள். அதைப் பிடிக்கவும் வளர்க்கவும் அனுமதி வேண்டும்.

அடிவயிறு தெரிய வேண்டியவற்றைக் கண்ணாடித் தம்ளரால் மூடி, அடியில் ஒரு அட்டையைச் சொருகித் திருப்பி, கண்ணாடி வழியாகக் கீழிருந்து எடுக்கலாம். ஃபிளாஷ் வேண்டாம், கண்ணாடியில் எதிரொளிக்கும். விஷமுள்ள பட்டன் சிலந்திக்கு இந்த அடிவயிற்றுப் படம்தான் உயிர். டர்பன் வீடுகளில் தோட்ட நாற்காலிக்கு அடியிலும் குப்பைத்தொட்டியின் கைப்பிடி மடிப்பிலும் இருப்பது பெரும்பாலும் பழுப்புப் பட்டன்: வயிற்றுக்கு அடியில் ஆரஞ்சு சிவப்பில் உடுக்கை வடிவக் குறி, பக்கத்திலேயே முள்முள்ளான சிறு உருண்டைகளாக முட்டைப்பைகள். கறுப்புப் பட்டனின் விஷம் இதைவிடக் கடுமை; வளர்ந்த பெண்ணுக்கு அடியில் உடுக்கை இருக்காது, முதுகின் பின்நுனியில்தான் சிவப்புக் கோடோ புள்ளியோ இருக்கும். இவற்றைக் கையால் தொடாமல், இருக்கும் இடத்திலேயே நாற்காலியைச் சாய்த்துப் படம் எடுங்கள். முட்டைப்பையையும் கட்டாயம் எடுங்கள். 2019இல் புதிதாகப் பெயர் வைக்கப்பட்ட ஃபிண்டா பட்டன் சிலந்தி நம் மாகாணத்தின் வடக்கே மணற்காட்டில் வாழ்வது. அதன் முட்டைகள் பளிச்சென்ற ஊதா நிறம். உடம்பைவிட முட்டை அதிகம் சொல்லும் சந்தர்ப்பங்களும் உண்டு.

எவ்வளவு நல்ல படமானாலும் ஒரு எல்லை இருக்கிறது. பெரும்பாலான சிலந்திகளில் இனத்தைத் தீர்மானிப்பது இனப்பெருக்க உறுப்பு: பெண்ணுக்கு வயிற்றின் அடியில் உள்ள தகடு, ஆணுக்கு உணர்காலின் நுனி. அதை எழுபது சதவீத ஆல்கஹாலில் வைத்த மாதிரியை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் சொல்ல முடியும். இளம் சிலந்திக்கு அந்த உறுப்பே வளர்ந்திருக்காது; அதற்கு இனப் பெயர் சொல்பவர் ஊகித்துத்தான் சொல்கிறார். அதனால் யாராவது பேரினத்தோடு நிறுத்தினால் குறைவாக நினைக்காதீர்கள்.

காளானுக்கு வருவோம். இங்கே வெளிச்சமும் காற்றும் பிரச்சினை இல்லை, காளான் ஓடப்போவதில்லை. பிரச்சினை, எல்லாரும் மேலிருந்து குடையை மட்டும் எடுப்பது. தேவையானவை: மேலிருந்து ஒன்று, போனைத் தலைகீழாகப் பிடித்து லென்ஸ் தரையோடு இருக்கும்படி பக்கவாட்டில் ஒன்று, குடையின் அடியில் உள்ள செவுள்கள், தண்டில் வளையம் இருந்தால் அது, மண்ணுக்குள் இருக்கும் அடிப்பாகம், நெடுக்காக இரண்டாக வெட்டிய உள்தோற்றம், கடைசியாக, சுற்றிலும் என்ன மரம், புல்லா, மரச்சீவலா, புற்றா என்று தெரியும் தூரப் படம். பறிக்க மனமில்லை என்றால் சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை அடியில் நீட்டினால் செவுள் தெரியும். வெட்டிய இடத்தை ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் எடுங்கள். நீலமாகவோ சிவப்பாகவோ மாறுவதே சிலவற்றுக்கு அடையாளம். நேர் வெயிலில் வெள்ளைக் காளான் விவரமெல்லாம் இழந்துவிடும். குடை பிடித்து நிழல் போடுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோல் வையுங்கள்.

அடிப்பாகத்தைத் தோண்டியெடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓக் மரத்தடியில் முளைக்கும் சாவுத்தொப்பி, அமனிட்டா ஃபல்லாய்டிஸ், ஐரோப்பிய மரங்களோடு நம் நாட்டுக்கு வந்து தங்கிவிட்டது. அதன் தண்டு ஒரு வெள்ளைப் பைக்குள் இருந்து கிளம்பும். அந்தப் பை மண்ணுக்குள் இருக்கும். காய் பறிப்பது போலத் தரைமட்டத்தில் ஒடித்தால் ஆளைக் கொல்லும் காளானின் முக்கிய அடையாளம் மண்ணிலேயே தங்கிவிடும். கத்தியைப் பக்கவாட்டில் ஆழமாக விட்டு மண்ணோடு கிளப்புங்கள்.

புல்தரை வட்டத்துக்கு வித்துப் பதிவு எடுத்தே ஆக வேண்டும். நன்றாக விரிந்த ஒரு குடையின் தண்டை ஒட்ட வெட்டி, செவுள் கீழே பார்க்கும்படி ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வையுங்கள். குடை வறண்டிருந்தால் மேலே ஒரு சொட்டுத் தண்ணீர். கிண்ணத்தால் மூடி, மாலையில் வைத்தால் காலையில் எடுக்கலாம். உதிர்ந்த தூள் செவுளின் வரிகளாகவே படிந்திருக்கும். கண்ணாடியாக இருந்தால் அடியில் வெள்ளைத் தாளையும் கறுப்புத் தாளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். வெள்ளைத் தாளிலேயே எடுத்தால் வெள்ளை வித்து கண்ணுக்குத் தெரியாது. குடை இன்னும் மொட்டாக இருந்தால் ஒன்றும் உதிராது, அழுகியிருந்தால் நீர்தான் கசியும். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள், வீட்டு விளக்கு மஞ்சளாக்கிவிடும்.

டர்பன், செட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் என்று இந்தக் கரையோரம் முழுக்கப் புல்தரையில் வட்டமாக வரும் பெரிய வெள்ளைக் குடையில் முதல் சந்தேகம் குளோரோஃபில்லம் மொலிப்டைட்டிஸ் மேல் விழ வேண்டும். குடையின் நடுவில் பழுப்புச் செதில்கள், தண்டில் மேலும் கீழும் நகரும் வளையம், பச்சை வித்து. ஏமாற்றுவது எங்கே என்றால், இளசாக இருக்கும்போது செவுள் சுத்த வெள்ளை. முற்றிய பிறகுதான் சாம்பல் பச்சைக்கு மாறும். சாப்பிட்டால் ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். குழந்தைகளுக்கு நீர் வற்றி ஆபத்தாகும். உங்கள் படத்தில் செதிலும் வளையமும் தெரிகின்றன, செவுள் தெரியவில்லை. ஆகவே பெரும்பாலும் இதுதான் என்று சொல்வேன், உறுதி என்று சொல்ல மாட்டேன். பதிவு பச்சையாக வந்தால் உறுதி.

ஈகோவே என்று ஸுலு மக்கள் பறித்து, கோடையில் சாலையோரத்தில் விற்பது வேறு. அது டெர்மிட்டோமைசிஸ், தமிழ்நாட்டில் புற்றுக்காளான் என்று சமைக்கிறோமே அந்தப் பேரினம். கறையான் வளர்க்கும் பூஞ்சையிலிருந்து முளைப்பதால் தண்டு வேர் மாதிரி நீண்டு மண்ணுக்குள் புற்று வரைக்கும் போகும், குடை நடுவில் கூரான குமிழ் இருக்கும், வித்து இளஞ்சிவப்பு. ஆனால் இளஞ்சிவப்பு வித்துள்ள நச்சுக்காளான்களும் இருக்கின்றன, அதனால் நிறம் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. வேர் கறையான் கூட்டில் முடிகிறதா என்று தோண்டிப் பார்த்து, பழகியவர் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்த பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். படத்தைப் பார்த்து யாரும், நான் உட்பட, சாப்பிடலாம் என்று சொன்னால் கேட்காதீர்கள். பூச்சி தின்ற காளான் நல்லது, வெள்ளிக் காசோ பூண்டோ போட்டுக் கறுக்கவில்லையென்றால் நல்லது, மஞ்சள் போட்டுக் கொதிக்கவைத்தால் விஷம் முறியும் என்றெல்லாம் பாட்டி காலத்திலிருந்து வரும் சோதனைகள் அத்தனையும் பொய். சாவுத்தொப்பியின் விஷம் கொதியில் அழியாது. அறிகுறியே ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான் தொடங்கும், வாந்தி நின்று ஆள் தேறியது போலத் தெரியும் நேரத்தில் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். யாராவது தின்றுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல், மீதிக் காளானைப் பிளாஸ்டிக் பையில் அல்லாமல் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். நச்சுத் தகவல் உதவி எண் 0861 555 777, இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

சிவப்பு நட்சத்திரத்துக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. நடுவில் தட்டு மாதிரி ஒரு பரப்பு, அதைச் சுற்றி நுனி பிளந்த சிவப்புக் கைகள், நடுவில் ஈ மொய்க்கும் கரும்பழுப்புக் கூழ்: அசரோ ரூப்ரா, நாற்றக்காளான் வகை. இது ஒன்றுக்குத்தான் உங்கள் படமே போதும். அந்தக் கூழில்தான் வித்து இருக்கிறது, ஈக்கள் சுமந்துகொண்டு போகின்றன. செடிக்கு ஒரு தீங்கும் இல்லை, மரச்சீவலை மக்கவைக்கும். காலையில் விரிந்து வெயில் ஏறியதும் சரிந்துவிடும். பக்கத்தில் மரச்சீவலைக் கிளறினால் முட்டை மாதிரி வெள்ளை உருண்டைகள் கிடைக்கும்; ஒன்றை வெட்டி, உள்ளே கூழ்ப் படலத்துக்குள் மடிந்திருக்கும் சிவப்புக் கைகளைப் படம் எடுத்தால் பதிவு முழுமையாகும்.

சிலந்தி, காளான் இரண்டிலும் உங்களுக்கு ஆசை இருப்பதால் ஒன்றைத் தேடிப் பாருங்கள் என்பேன். ஈரமான காட்டில், இலைகளின் அடிப்பக்கத்தில், வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ பஞ்சு படர்ந்து, அதிலிருந்து மெல்லிய குச்சிகள் நீட்டிக்கொண்டு ஒரு செத்த சிலந்தி ஒட்டியிருந்தால் அது கிபெல்லுலா, சிலந்தியைக் கொன்று வளரும் பூஞ்சை. சில்வர்கிளென் போன்ற காப்பகத்துக்குப் போகும்போது இலைகளைத் திருப்பிப் பாருங்கள், பறிக்காதீர்கள். காப்பகத்தில் எதையும் சேகரிக்க மாகாண வனவிலங்கு அமைப்பான எஸெம்வெலோவின் அனுமதி தேவை.

பதிவேற்றுவதற்கு, உயிரினப் படங்களைப் பகிர்ந்து பெயர் கேட்கும் தளமான ஐநேச்சுரலிஸ்ட் நல்லது. ஒரே உயிரின் எல்லாப் படங்களையும் ஒரே பதிவில் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால்தான் ஒன்றுக்கு மூன்று பெயர் வருகிறது. வீட்டு முகவரி தெரியாமல் இருக்க இடத்தை மங்கலாக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மெய்நிகர் அருங்காட்சியகத்தில் சிலந்திக்கு ஸ்பைடர்மேப், காளானுக்கு மஷ்ரூம்மேப் என்று தனிப் பிரிவுகள் உண்டு. 1997இல் தொடங்கிய தேசியச் சிலந்திக் கணக்கெடுப்பு நாட்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. எந்த இனம் எங்கே வாழ்கிறது என்ற வரைபடத்தில் பெரிய இடைவெளிகள் இன்னும் இருக்கின்றன, வெருலம் மாதிரி ஊர்களின் கொல்லைப்புறங்கள் அந்த இடைவெளியில்தான் வருகின்றன. தேதியும் இடமும் உள்ள உங்கள் படம் அங்கே உண்மையாகவே பயன்படும்.

இப்போதைக்கு எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: சிலந்தியின் எட்டுக் காலும் தெரியும் படம், அடிவயிறு, வலை ஓரத்துப் பொடிகள், வட்டக் காளானில் முற்றிய ஒன்றின் செவுள், அடித்தண்டு, கண்ணாடியில் எடுத்த வித்துப் பதிவு. இதே கேள்விக்குக் கீழே போடுங்கள். மழை தொடர்ந்தால் காளான் இரண்டு நாளில் சொதசொதவென்று ஆகிவிடும், ஆகவே அதை முதலில் எடுத்துவிடுங்கள்.